தேத்தண்ணி கொடுக்காத வீடு

சொல்ல வேண்டியதைச் சிவமணி அறைக்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். ஆங்கிலத்தில் தொடங்குவது என்று முடிவு செய்திருந்தாள். தமிழில் என்றால் குரல் தழுதழுத்துவிடும். ஆங்கிலத்தில் என்றால் பள்ளிக்கூடத்தில் படித்த மரியாதைச் சொற்கள் முன்னுக்கு வந்து நின்று கோபத்தை மறைத்துக்கொள்ளும்.

முனைவீட்டு மெற்றில்டா முன்கதவடியில் கதிரை போட்டு, வீங்கிய முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். சிவமணி படியில் நின்றபடியே சொன்னாள். இவ்வளவு காலமும் தொலைபேசியைப் பாவிக்க விட்டதற்கு மிகவும் நன்றி, இனிமேல் தொந்தரவு தரமாட்டோம் என்றாள்.

மெற்றில்டா நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் இவளைவிட நன்றாக வரும். ஆனாலும் தமிழில்தான் கேட்டார்.

"ஏன் பிள்ளை, வீடு மாறுறீங்களா?"

"இல்லை அன்ரி. இனி அண்ணா மர்ஸூக் நானாவின்ர கொமியூனிகேஷன் கடைக்குத்தான் கோல் எடுப்பார்."

"மர்ஸூக் பொழுதுபட முந்தியே ஷட்டரை இழுத்துருவாரே. வெள்ளிக்கிழமை தொழுகைக்கும் பூட்டுவாரு. அண்ணனுக்கு அங்க எப்ப போன் கிடைக்குமோ?"

"அதை நாங்கள் பாத்துக்கொள்ளுவம்."

மெற்றில்டா எண்ணெய்ப் போத்தலை மூடினார். "நான் ஏதும் சொன்னேனா?"

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லாமலே விளங்குது."

உள்ளேயிருந்து மெற்றில்டாவின் அக்காள் மாக்ரெட்டின் குரல் வந்தது. "விளங்கிருச்சாமா? இவ கூட இவ்வளவு காலம் இருக்கேன், எனக்கு இன்னும் விளங்கல்ல. உள்ள வந்து எனக்கும் சொல்லிக் குடுக்கச் சொல்லு."

மெற்றில்டா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "புது நம்பர் அண்ணனுக்குக் கிடைச்சுருச்சா? கிடைச்சது எண்டு அவரு வாயால சொன்னாரா?"

"ஓம்," என்றாள் சிவமணி. அது பொய்.

"அப்ப சரி. பாத்து இறங்குங்க, படியெல்லாம் பாசி."

அவ்வளவுதான் பேச்சு. கோபப்பட்டிருந்தால், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் சிவமணிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். பாசியைப் பற்றிச் சொன்னதுதான் அவளோடு அறைவரைக்கும் வந்தது.

போருக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்ததற்கு அடுத்த வருடம் அவளும் தாய் கனகேஸ்வரியும் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தார்கள். ஓர் ஒழுங்கையில், மாடியில் ஒரு அறை. கீழ்வீட்டில் நாகேந்திரம் என்று ஓய்வுபெற்ற தபாலதிபரும் மனைவியும். ஒழுங்கையில் பாதி வீடுகளில் இப்படித்தான், ஒரு அறைக்குள் ஒரு குடும்பம். எல்லாரும் எதற்கோ காத்திருந்தார்கள். சிலர் விசாவுக்கு, சிலர் மகனுக்கு, சிலர் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் சொல்லப்போகும் ஒரு நாளுக்கு. கனகேஸ்வரி காத்திருந்தது மூத்தவன் கதிர்காமநாதனுக்கு. சுவிசுக்கு என்று போனவனை ஏஜென்சிக்காரர் மொஸ்கோவில் ஒரு அறையில் பல பேரோடு அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே யாராலும் அழைக்க முடியாது. அவனுக்குத் தொலைபேசி கையில் கிடைக்கும்போது அவன்தான் எடுக்க வேண்டும். அது காலையாகவும் இருக்கும், மத்தியானமாகவும் இருக்கும். ஒரு மாதம் வராமலும் இருக்கும்.

ஒழுங்கையில் தொலைபேசி இருந்தது மெற்றில்டாவின் முனைவீட்டில் மட்டும்தான்.

மெற்றில்டா கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். தகப்பன் துறைமுகத்தில் கிளாக். கன்னியாஸ்திரிகளிடம் படித்து, கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் சுவிட்ச்போர்ட்டில் போய் இருந்தவர், தலை நரைக்கும்வரை அங்கிருந்து எழும்பவில்லை. அந்தக் காலத்தில் எந்த அழைப்பும் அவர் கையால் இணைப்புக் கயிற்றைச் செருகினால்தான் போகும், வரும். கலியாணம் செய்யவில்லை. "இவட குரலைக் கேட்டு மயங்கி ஒருத்தன் வீடு தேடி வந்தான். ஆளைப் பாத்துட்டு, ரோங் நம்பர் எண்டு போயிட்டான்" என்று மாக்ரெட் சொல்லுவார். மெற்றில்டாவும் சேர்ந்து சிரிப்பார். மாக்ரெட் விதவை, மட்டக்குளியில் இருந்த வீட்டை விற்றுவிட்டுத் தங்கையோடு வந்து இருந்தவர். கப்பல் வரும் இரவுகளில் கூப்பிடுவதற்காகக் கொம்பனி போட்டுக்கொடுத்த இணைப்பு, மெற்றில்டா ஓய்வு பெற்ற பிறகும் வீட்டோடு தங்கிவிட்டது.

அந்த இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுப்பார். யாருக்காவது அழைப்பு வந்தால் தானே நடந்து வருவார். ஒழுங்கையில் நின்று சத்தம் போட்டுக் கூப்பிடுவதில்லை. கேற்றடியில் வந்து நின்று கையைக் காட்டுவார். கூட்டிக்கொண்டு போய், தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்து விட்டுவிட்டு, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அடுத்த நிமிடம் உள்ளே கிரைண்டர் உறுமத் தொடங்கும். வந்தவர் கதைத்து முடித்து வெளியேறும்வரை அது நிற்காது. கேற்றைப் பூட்ட மட்டும் மெற்றில்டா வெளியே வருவார். மகன் என்ன சொன்னான், சுகமாக இருக்கிறானா என்று ஒரு சொல் கேட்கமாட்டார். ஒரு வாய் தேத்தண்ணி தரமாட்டார்.

இது யாழ்ப்பாணத்தாருக்குப் பொறுக்கக் கூடியதா? வாசற்படியைத் தாண்டி வந்தவன் வழக்குக்காரனாக இருந்தாலும் அடுப்பில் கேத்திலை வைத்துவிட்டுத்தான் சண்டை பிடிப்பது அவர்கள் வழக்கம். பிள்ளை வெளிநாட்டிலிருந்து கதைத்திருக்கிறான் என்றால் என்னவாம், ஏதாம் என்று கேட்பதுதான் அயல். கேட்காதவர் பகைவர், அல்லது உங்களைத் தமக்கு நிகராக நினைக்காதவர். கனகேஸ்வரி கிரைண்டரைக்கூட மன்னித்திருப்பாள். தேத்தண்ணியை மன்னிக்க முடியவில்லை.

"நாங்கள் என்ன, அவையின்ர கோப்பையில குடிக்கக்கூடாத ஆக்களே?" என்றாள். "சொந்த வீடு வளவோட இருந்த மனிசர். இண்டைக்கு ஒரு ரெலிபோனுக்காக ஆரின்ரையோ வாசல்ல போய் நிக்கிறம். கெதியா வைச்சிட்டுப் போங்கோ எண்டு மெசினைப் போட்டுச் சொல்லுறாள்."

சிவமணிக்கும் அப்படித்தான் பட்டது. அவள் அதிகம் பேசாத பெண். வெள்ளவத்தையில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் தமிழ்க் கடிதங்களை ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்யும் வேலை. காலையில் போய் மாலையில் வருவாள். ஒழுங்கைப் பெண்கள் பாண் வண்டியைச் சுற்றி நின்று ஊர்க்கதை பேசும்போது காசைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுவாள். ஒருநாள் காலை நாகேந்திரத்தின் மனைவி முனைவீட்டைப் பற்றிக் குறைசொல்லிக்கொண்டிருந்தபோது மட்டும் அவளுக்கு எங்கிருந்தோ வாய் வந்தது.

"அந்த வீட்டுக்கு எடுத்தால் முதல்ல கிரைண்டர்தான் ஹலோ சொல்லும்," என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். பாண்காரருக்கு யாரோ சிங்களத்தில் சொல்ல, அவரும் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொழும்புக்கு வந்த பிறகு தன் சொல்லுக்கு நாலு பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்று அலுவலகம் போகும் வழியெல்லாம் சிவமணிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அடுத்த கிழமையே முனைவீட்டுக்காரி 'கிரைண்டர் அன்ரி' ஆகிவிட்டார். ஒழுங்கைப் பிள்ளைகள் கேற்றைத் தட்டி அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு ஓடினார்கள். ஒருமுறை சிவமணி பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு சின்னப் பெண் நேருக்கு நேராகச் சொல்லிவிட்டது. மெற்றில்டா குனிந்து, "என்ன ராசாத்தி?" என்று கேட்டார், தன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

பிறகு வந்த ஒரு அழைப்பில் அண்ணன் நாதன் அழுதான். கால்விரல்கள் குளிரில் கறுத்துவிட்டன என்றான். சிவமணியும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். குசினியில் கிரைண்டர் முன்னெப்போதையும்விடப் பலமாக உறுமியது. ஒருத்தி அழுது முடிக்கும்வரைக்கும் இவர்களுக்குப் பொறுக்க முடியாதா என்று நினைத்தாள். அன்றுதான் மர்ஸூக்கின் கடை இலக்கத்தை, நாதனோடு இருந்த இன்னொரு பையனின் வீட்டார் மூலம் சொல்லியனுப்பினாள். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. தெரிவதற்கு முன்னமே முனைவீட்டுப் படியில் நின்று நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஒரு மாதம் போயிற்று. கடைக்கு அழைப்பு வரவில்லை. கனகேஸ்வரி காலையும் மாலையும் மர்ஸூக்கின் கடையில் போய் நின்றாள். மர்ஸூக் நல்ல மனிதர். "உட்காருங்க உம்மா, இன்ஷா அல்லாஹ் வரும்" என்று வாங்குப் பலகையைத் தூசி தட்டிக் கொடுப்பார். வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று கதைப்பவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாருடைய மகன் அகதி வழக்கில் தோற்றான், யாருடைய மகளுக்குச் சம்பந்தம் முறிந்தது என்று கனகேஸ்வரி வந்து சிவமணிக்குச் சொல்லுவாள். சொல்லிவிட்டு, நாளைக்கு எங்கட கதையையும் இப்படித்தான் கொண்டு திரிவினம் என்பாள்.

அந்த வருடம் மழை பொய்த்து, நாளில் பாதி மின்வெட்டு. ஒரு சனிக்கிழமை பின்னேரம், விசிறியும் நின்று வெக்கையில் அறைக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தாயும் மகளும் இருந்தபோது, மாடிப்படியில் யாரோ மூச்சிரைக்க ஏறிவரும் சத்தம் கேட்டது. மெற்றில்டா. அவர் ஒருநாளும் படி ஏறியதில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வளைவில் நின்றுவிட்டார்.

"அண்ணன் லைன்ல. மாக்ரெட்டைப் பிடிச்சு வைக்கச் சொல்லிருக்கேன். ஓடுங்க."

ஓடினார்கள். முனைவீட்டு முன்னறையில் மாக்ரெட் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தையில் மீன் விலையும் பாணுக்கு எவ்வளவு ஏறிற்று என்பதும் மொஸ்கோவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சிவமணியைக் கண்டதும் கொடுத்துவிட்டு எழும்பிப் போனார். மறுமுனையில் நாதனுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு குரல்.

"ஆரடி இந்த மனிசி? வைச்சிடாத வைச்சிடாத எண்டு பாரை மீன் விலை வரைக்கும் சொல்லிப்போட்டா."

"அண்ணா, கடை நம்பருக்கு ஏன் எடுக்கேல்லை?"

"எந்தக் கடை? எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. என்ர மண்டையில இருக்கிறது இந்த நம்பர் ஒண்டுதான். சிவா, இண்டைக்கு எங்களை எல்லைக்குக் கொண்டுபோகினமாம். பிறகு நடையாம். அம்மாவைக் குடு. அம்மாவோட கதைச்சிட்டுப் போகவேணும்."

சிவமணி தாயிடம் கொடுத்தாள். கனகேஸ்வரி முதலில் புத்திமதிதான் சொன்னாள்: காதை மூடிக் கட்டு, முன்னுக்குப் போகாதே, கடைசியிலும் நிற்காதே. அதற்குப் பிறகு சொல் தீர்ந்துவிட்டது. எறிகணை விழுந்த நாட்களிலும் அழாத பெண், என்ர குஞ்சு, திரும்பி வந்திடு ராசா, எனக்கு ஒண்டும் வேண்டாம் என்று வாய்விட்டுக் குழறத் தொடங்கினாள்.

நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்த மெற்றில்டா அவர்களைத் தாண்டிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே ணங், ணங் என்று உலக்கைச் சத்தம் கேட்டது.

தாயின் உதடு காய்ந்து போயிருந்தது. விழுந்துவிடுவாள் போல இருந்தது. தண்ணீர் வேண்டும். யாரையும் கேட்காமல் சிவமணி குசினிக் கதவைத் திறந்தாள். ஒழுங்கையில் யாரும் அதுவரை திறக்காத கதவு.

மெற்றில்டா பின்புறத்து உரலடியில், நொண்டிய காலை ஒருபக்கம் சாய்த்து நின்று, இரண்டு கையாலும் இடித்துக்கொண்டிருந்தார். உரலுக்குள் அரிசி இல்லை. மிளகாய் இல்லை. ஒன்றுமே இல்லை. வெறும் உரல்.

அவளைக் கண்டதும் மெற்றில்டாவின் முகம் களவு பிடிபட்டவர் முகம்போல ஆகிவிட்டது. உலக்கை மட்டும் நிற்கவில்லை.

"என்ன அன்ரி இடிக்கிறீங்கள்?" என்றாள் சிவமணி. கேட்கும்போதே அது முட்டாள்தனமான கேள்வி என்று அவளுக்குத் தெரிந்தது.

மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாக்ரெட்தான் பதில் சொன்னார். "கரண்ட் இருந்தா கிரைண்டர், தண்ணியைப் போட்டுச் சுத்துவா. கரண்ட் இல்லாட்டி இது. இதுக்கும் ஒரு பேர் வைச்சுக் குடு தாயே, பாண் வண்டியடியில சொல்லிருவோம்."

"மாக்ரெட், சும்மா இரு."

"ஏன் சும்மா இருக்கணும்? பொலிஸ்காரன் வந்து, இந்த வீட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வெளிநாட்டுக் கோல் எண்டு கேக்கிறான். எல்லாம் எங்கட சொந்தக்காரர் எண்டு இவ அவனுக்குச் சொல்லுறா. எங்கட அப்பாவுக்கு எத்தனை பெண்சாதி எண்டு அவன் யோசிச்சிருப்பான்."

மெற்றில்டா உலக்கையை அக்காளின் கையில் கொடுத்தார். "இடி. அவங்க அம்மா பேசி முடியல்ல." மாக்ரெட் இடுப்பு நோகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே இடித்தார். மெற்றில்டா, சிவமணி பார்த்த பானையிலிருந்து கோப்பையில் தண்ணீர் அள்ளினார். சத்தத்துக்குள் கேட்க வேண்டும் என்பதற்காகச் சிவமணியின் காதருகே வந்து சொன்னார்.

"கொம்பனியில ஒரு கிளாக் இருந்தாரு பிள்ளை. ஒரு நாள் லைன் இருக்கா எண்டு பாக்கக் கயித்தைப் போட்டேன். அவரு யாருக்கிட்டயோ கெஞ்சிக்கிட்டு இருந்தது காதில விழுந்துச்சு. பிறகு அவரைக் கண்ட நேரம், கவலைப்படாதீங்க சேர், எல்லாம் சரியாகும் எண்டு சொல்லிட்டேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அதோட அவரு என்னைக் கண்டா மற்றப் படியால ஏறிப் போவாரு. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அப்படித்தான்."

தேத்தண்ணியைப் பற்றிச் சிவமணி கேட்கவில்லை. அவர் தானாகவே சொன்னார். "தேத்தண்ணி தந்தா குடிச்சு முடியிற வரைக்கும் இருக்கணும். இருந்தா ஏதாவது சொல்லணும். அழுத முகத்தோட யாரால இருக்க ஏலும்?"

சிவமணி தண்ணீரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். தாயின் மற்றக் கையில் அதைக் கொடுத்தாள். தன் அழுகையை இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை என்பதை அப்போதுதான் யோசித்தாள். அழுதுவிட்டுப் போன மறுநாளும் பஸ்ஸுக்குப் போகும்போது முனைவீட்டைத் தாண்ட அவள் ஒருநாளும் கூசியதில்லை. நிமிர்ந்து, கோபத்தோடு நடந்திருக்கிறாள்.

கதைத்து முடிந்து, தாயும் மகளும் ஒழுங்கையில் நடந்தார்கள். கனகேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மனப்பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. குரல் பழையபடி வந்துவிட்டது.

"கூப்பிட வந்தது சரிதான், நன்றியைச் சொல்லத்தான் வேணும். ஆனால் பாத்தியே? என்ர பிள்ளை பனிக்குள்ள இறங்கப் போறான், இவள் அங்க நிண்டு இடிக்கிறாள். மனிசத்தன்மை வேண்டாமே?"

சிவமணி வாயைத் திறந்தாள். நாகேந்திரமும் மனைவியும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகேந்திரத்தின் மனைவி கையால் அரைப்பதுபோலச் சுற்றிக் காட்டிச் சிரித்தாள், சிவமணியும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்து. சிவமணி தலையைக் குனிந்துகொண்டு படி ஏறினாள்.

நாதன் நடந்து, ஒளிந்து, கடைசியில் போய்ச் சேர்ந்தான் என்ற செய்தியும் சில கிழமைகளுக்குப் பிறகு அதே தொலைபேசிக்குத்தான் வந்தது. ஆனால் சிவமணி அதுவரை பொறுத்திருக்கவில்லை. அந்த அழைப்புக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சகோதரிகள் இருவரும் கோயிலிலிருந்து திரும்பும் நேரம் பார்த்துப் போய் நின்றாள். மாக்ரெட் அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மெற்றில்டா தலையில் போட்டிருந்த வெள்ளைச் சல்லாத் துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை அவள் எதையும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வரவில்லை. ஆங்கிலமும் வரவில்லை.

"அன்ரி, அந்தப் பேரை வைச்சது நான்தான்."

"தெரியும் பிள்ளை. பாண்காரரு சொன்னாரு. அவருக்குச் சொல்லி முடிக்க ஏலல்ல, அவ்வளவு சிரிப்பு."

"தெரிஞ்சுகொண்டே நேற்று மாடி ஏறி வந்தனீங்கள்."

"அண்ணன் லைன்ல தானே இருந்தாரு."

சிவமணி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன் கிரைண்டர் போடுறீங்கள் எண்டு நான் அம்மாவுக்குச் சொல்லப்போறன். நாகேந்திரம் மாமா வீட்டுக்கும் சொல்லுவன். எல்லாருக்கும் நான்தான் சொல்லவேணும்."

மெற்றில்டா சல்லாவை நாலாக மடித்து முடித்தார். கேற்றுக்கு வெளியே யாரும் நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்தார். பிறகு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, தனக்கு உதவி வேண்டும் என்று கேட்பவர்போல, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வேணாம் பிள்ளை. உங்கக்கிட்ட நான் கேக்கிறது அது ஒண்டுதான். பெருமைக்காரி எண்டு நினைச்சா கோவத்தோடயாவது வருவாங்க. நான் இதை அவங்களுக்காகச் செய்யிறேன் எண்டு தெரிஞ்சா வெக்கப்பட்டு வரமாட்டாங்க, மர்ஸூக் கடையில போய் நாலு பேருக்கு முன்னால அழுவாங்க. அம்மாவுக்கும் சொல்லாதீங்க. அவங்க என்னைப் பத்திச் சொல்லிச் சிரிக்கும்போது நீங்க மட்டும் முகத்தை இறுக்கிக்கிட்டு நிக்கக் கூடாது, கண்டுபிடிச்சுருவாங்க. நீங்களும் கொஞ்சம் சிரிச்சிருங்க."